யெண்டியில் சமாதானம் வந்தது, நியாயம் வந்ததா?

ஒரு மன்னர் கொல்லப்பட்டார். நான்கு வருஷம் அவருடைய உடலை அடக்கம் செய்ய முடியவில்லை. ஏறத்தாழப் பதினேழு வருஷம் அவருடைய கருமாதி நடக்கவில்லை. அது நடக்காததால் அடுத்தவர் பட்டத்துக்கு வரவும் முடியவில்லை.

இது புராணக் கதையல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் வடபகுதியிலுள்ள டாக்பான் என்ற பழைய ராஜ்யத்தில், 2002 மார்ச்சிலிருந்து 2019 ஜனவரி வரை நடந்த சம்பவம். ராஜ்யத்தின் தலைநகர் யெண்டி. அங்கே வாழ்பவர்கள் டகோம்பா மக்கள். கம்பும் சோளமும் நிலக்கடலையும் சேனைக் கிழங்கு போன்ற ஒரு பெரிய கிழங்கும் பயிரிட்டு வானத்தைப் பார்த்துப் பிழைப்பவர்கள்.

மன்னர் வீட்டுச் சண்டையைப் பற்றி உழைப்பாளிகளின் பத்திரிகை எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். சண்டை மன்னர் வீட்டில் பிறந்தது மெய்தான். ஆனால் ஊரடங்குச் சட்டத்தில் முடங்கியது மன்னர் வீடு மட்டுமல்ல. சந்தை முடங்கியது, வயலுக்குப் போகும் பாதை முடங்கியது, அண்ணன் தம்பியாய்ப் பழகிய தெருக்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. இந்தச் சண்டையை முடித்து வைத்தது கோர்ட்டு அல்ல, கமிஷன் அல்ல, பட்டாளமும் அல்ல. பழைய முறையிலான மத்தியஸ்தம் என்று உலகெங்கும் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பாதியை நாம் ஒப்புக்கொள்கிறோம். மறு பாதியைப் பற்றிச் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பழைய முறை என்ன என்பதைப் பார்ப்போம்.

டாக்பானில் சிம்மாசனம் கிடையாது. தெற்குக் கானாவில் தலைவர்கள் மரப் பீடத்தில் அமர்வார்கள். வடக்கே விலங்குத் தோலின் மேல் அமர்வார்கள். டாக்பானின் பெரிய தோலில் அமர்பவருக்கு யா-நா என்று பட்டம். அந்தத் தோலுக்குப் போக மூன்று வாசல்கள் உண்டு. கரகா, சவேலுகு, மியோன் என்ற மூன்று ஊர்களின் தலைமைப் பதவிகளே அவை. இந்த மூன்றில் ஒன்றில் இருப்பவரையே யா-நாவாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம். இந்த வாசல் ஊர்களில் தலைவராக வேண்டுமானால் ஒருவருடைய தகப்பனார் யா-நாவாக இருந்திருக்க வேண்டும். பேரன் என்ற உறவு போதாது. தகப்பன் எந்தப் படி வரை ஏறினானோ, மகனும் அந்தப் படி வரைதான் ஏறலாம். ஆகவே "என் தகப்பனார் யா-நாவா, இல்லையா?" என்பது அந்தக் குடும்பத்தின் சந்ததிக்கே வாழ்வா சாவா என்ற கேள்வி. வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த ரத்தக்களரி அத்தனைக்கும் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

யா-நா இறந்தால் உடனே வாரிசு வருவதில்லை. மூத்த மகன் பொறுப்பாளராக இருந்து காரியங்களைப் பார்ப்பார். இறந்தவருக்குப் பெரிய கருமாதி நடக்க வேண்டும். அதன் பிறகே குகா-நா முதலிய பெரியவர்கள் கூடி, குறி பார்த்து, வாசல் தலைவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தப் பெரியவர்கள் யாரும் தாமே பட்டத்துக்கு வர முடியாது. தமக்கு அதில் பங்கில்லாதவர்கள் கையில் தேர்வை ஒப்படைத்தது அந்த மக்களின் சாமர்த்தியம் என்றே சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குச் சின்னமாகக் கொடுப்பது தங்கமும் வைரமும் அல்ல. கூரையிலிருந்து உருவிய ஒரு பிடி புல்!

யார் யாருடைய மகன், யார் எங்கே ஆண்டார் என்ற வரலாறு ஏட்டில் இல்லை. பரம்பரை மேளக்காரர்களின் நாவிலும் கோலிலும் இருந்தது. விழா நாட்களில் இரவெல்லாம் மேளம் முழக்கி அவர்கள் அதைப் பாடினார்கள். ஊரே கூடிக் கேட்டது. பொய் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பங்காளிகளுக்குள் தீராவிட்டால்? மூத்த வீட்டுக்குப் போவார்கள். டகோம்பா ராஜ வம்சமும் பக்கத்திலுள்ள மம்ப்ருசி ராஜ வம்சமும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. மம்ப்ருசி மூத்த வீடு. அந்த வீட்டு மன்னருக்கு நாயிரி என்று பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் பட்டத்துக்குப் பலர் போட்டியிட்டபோது, வழக்கு நாயிரியிடம் போய், அவர் சங்கினா என்பவரைத் தேர்ந்தெடுத்தார் என்று வாய்வழி வரலாறு சொல்கிறது.

இந்த முறையைப் பொற்காலம் என்று நாம் போற்றவில்லை. அதில் பெண்கள் தேர்வாளர்களாக இல்லை. உழுகிறவனுக்கு வாக்கு இல்லை. போட்டியில் தோற்ற இளவரசர்கள் வாளெடுத்ததும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த முறை நிதானமானது. தோற்றவனுக்கும் ஒரு வாசலை விட்டு வைத்தது. இன்று இல்லாவிட்டால் நாளை என்று அவன் காத்திருக்க முடிந்தது.

பீரங்கியும் காகிதமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாக்குபு என்ற யா-நாவுக்குப் பின் அவருடைய மக்கள் இருவர் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். மூத்தவர் வழி அபுடு குடும்பம். இளையவர் வழி அண்டானி குடும்பம். பட்டம் இவ்விரு குடும்பங்களுக்குள் மாறி மாறி வரத் தொடங்கியது. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஐரோப்பியன் வந்தான்.

1896 டிசம்பரில் அடிபோ என்ற ஊரில் ஜெர்மன் படை டகோம்பா படையைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, யெண்டிக்குள் புகுந்து தீ வைத்தது. 1899ல் ஜெர்மனியும் பிரிட்டனும் மேஜையில் படத்தை விரித்து டாக்பானை இரண்டாகக் கீறிப் பங்கிட்டுக் கொண்டன. மன்னரின் ஊர் ஜெர்மன் பக்கம். குடிகளில் பெரும் பகுதி பிரிட்டிஷ் பக்கம்! அதே வருஷம் யா-நா அண்டானி இறந்தார். அடுத்து வந்த அபுடு வீட்டு அல்ஹாசனுக்கு ஜெர்மானியரின் பக்கபலம் இருந்தது. பங்காளித் தகராறில் அன்னியத் துப்பாக்கி ஒரு பக்கம் நின்றது அப்போதிருந்துதான்.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் ராஜ்யம் முழுவதும் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அவர்கள் துப்பாக்கியைவிட நுட்பமான ஆயுதம் கொண்டுவந்தார்கள். தலைவர்களை வைத்தே ஆளுவது என்பது அவர்கள் கொள்கை. இதில் தர்ம சிந்தனை எதுவும் கிடையாது. தெற்கே ஒபுவாசியிலும் தார்க்வாவிலும் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. கொக்கோத் தோட்டங்கள் இருந்தன. அங்கே கூலிக்கு ஆள் வேண்டும். ஆள் வடக்கே இருந்தான். வெள்ளை அதிகாரி தலைவரிடம் "இத்தனை பேர் வேண்டும்" என்று கேட்பான். தலைவர் ஊரிலிருந்து ஆள் அனுப்புவார். பாதை போடுவதற்கும் அப்படித்தான். சொன்னதைக் கேட்கும் தலைவர் யார் என்பதில் துரைமார்களுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று இப்போது புரிகிறதல்லவா?

1930ல் துரைமார்கள் யெண்டியில் தலைவர்களைக் கூட்டி வைத்து, பட்டம் எப்படிப் போகும் என்ற வழக்கத்தை எழுத்தில் பதிந்தார்கள். நாவில் இருந்தவரை வழக்கம் இடத்துக்கும் காலத்துக்கும் வளைந்து கொடுத்தது. காகிதத்தில் ஏறியதும் வக்கீல் கைக்குச் சரக்காகிவிட்டது. 1948ல் இன்னொரு மாற்றம் வந்தது. பெரியவர்களோடு தலைவர்கள் சிலரையும் சேர்த்துப் 11 பேர் கொண்ட கமிட்டி யா-நாவைத் தேர்ந்தெடுக்கும் என்றார்கள். குறிக்குப் பதில் கைக்கணக்கு. முன்னேற்றம் என்றுதான் கேட்கிறவனுக்குத் தோன்றும். ஆனால் ஓட்டுப் போட்டது குடிமக்கள் அல்லவே! 1948ல் அபுடு வீட்டுக்காரர் வந்தார். 1953ல் அவர் இறந்ததும் அவருடைய மகனே வந்தார். அண்டானி வீட்டின் முறை தவறியது. காத்திருந்தால் வரும் என்ற நம்பிக்கை போயிற்று.

நம் நாட்டுக்கு இந்த வித்தை புதிதல்ல. சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற குடும்ப வழக்கு, கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863ல் தீர்ப்பானது. வருஷக் கணக்கில் வக்கீல்களுக்குக் கொடுத்த பணம் எந்த வயலில் விளைந்தது என்பதைச் சொல்லவா வேண்டும்?

1957ல் கானா சுதந்திரம் பெற்றது. அன்னியன் போனான், அவன் கற்றுக்கொடுத்த பழக்கம் போகவில்லை. 1960ல் நிக்ருமா சர்க்கார், பட்டம் இரு குடும்பங்களுக்கும் மாறி மாறி வரவேண்டும் என்று உத்தரவு போட்டது. உத்தரவின் நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1966ல் ராணுவம் அந்த சர்க்காரைக் கவிழ்த்தது, உத்தரவும் நிலைக்கவில்லை. 1967ல் யா-நா இறந்தார். அண்டானி வீட்டுக்காரர் ஒருவர் தோலேறினார். சில மாதங்களில் அவரும் இறந்தார். அவர் முறைப்படி ஏறினாரா இல்லையா என்று வழக்கு. ஏறினார் என்றால் அவர் மக்களுக்கு வாசல் திறக்கும். இல்லை என்றால் அடைபடும். 1969 செப்டம்பரில், அரண்மனையை விட்டு வெளியேற மறுத்த அண்டானி தரப்பினர் மீது சர்க்கார் படை சுட்டது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அபுடு வீட்டு மகமாது தோலில் அமர்த்தப்பட்டார்.

சரி, அதோடு தீர்ந்ததா? மீண்டும் சர்க்கார் மாறியது. புதிய ராணுவ ஆட்சி புதிய கமிட்டி போட்டது. 1974ல் மகமாது இறக்கப்பட்டு அண்டானி வீட்டு யாக்குபு அமர்த்தப்பட்டார். யா-நாவைத் தோலிலிருந்து இறக்குவது என்பதே டாக்பான் வழக்கத்தில் கிடையாது. மரணம்தான் இறக்கும். ஆகவே அபுடு வீட்டார் கண்ணில் அவர் இன்னும் யா-நா. அண்டானி வீட்டார் கண்ணில் அவர் யா-நாவே அல்ல. 1986ல் சுப்ரீம் கோர்ட்டு யாக்குபுவின் பட்டத்தை உறுதி செய்தது. 1988ல் மகமாது இறந்தார். யா-நாவுக்கு உரிய கருமாதியை அரண்மனையில் நடத்த வேண்டும் என்று அவர் குடும்பம் கேட்டது. அது நடக்கவில்லை. ஒரு பிணத்துக்குச் செய்யும் சடங்கில் என்ன இருக்கிறது என்று பட்டணத்துப் படிப்பாளி சிரிக்கலாம். அந்தச் சடங்குதான் அவருடைய மக்களுக்குப் பட்டா.

ஆக, ஒவ்வொரு ஆட்சிக் கவிழ்ப்பிலும் ஒரு குடும்பம் ஏறியது, ஒரு குடும்பம் இறங்கியது. கட்சிக்காரர்கள் இதை நன்றாகப் பிடித்துக் கொண்டார்கள். கானாவின் இரு பெரிய கட்சிகளில் ஒன்று அபுடு பக்கம், மற்றது அண்டானி பக்கம் என்று ஊரார் பேசும் நிலை வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் இந்த நெருப்பில் எண்ணெய் விழுந்தது. தலைவர்கள் கட்சி அரசியலில் ஈடுபடக்கூடாது என்று 1992 அரசியல் சட்டம் தலைவர்களுக்குத்தான் கட்டளையிடுகிறது. தலைவர் வீட்டுச் சண்டையில் கட்சிகள் ஈடுபடக்கூடாது என்று ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை போலும்!

2002 மார்ச் 25 முதல் 27 வரை யெண்டியில் மூன்று நாள் சண்டை நடந்தது. யா-நா யாக்குபு அண்டானி கொல்லப்பட்டார்; தலை துண்டிக்கப்பட்டது. அவரோடு மாண்டவர்களை 30 என்றும் 40 என்றும் எண்ணுகிறார்கள். ஒரு நாட்டின் சர்க்கார் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, பட்டாளம் இருக்கிறது. மூன்று நாள் ஒரு ஊர் எரிகிறது. பிறகு அவசர நிலை. இரண்டு வருஷத்துக்கு மேல் அது நீடித்தது.

மூன்று பெரியவர்கள்

சர்க்கார் ஒரு நீதி விசாரணைக் கமிஷனை அமைத்தது. அதன் அறிக்கையை ஒரு தரப்பு நம்பவில்லை. பிறகு 2003ல் மூன்று பெரிய தலைவர்களைக் கொண்ட கமிட்டியிடம் விஷயம் ஒப்படைக்கப்பட்டது. தலைமை அசாந்தே மன்னர் ஒசெய் டுடு. கூட இருந்தவர்கள் மம்ப்ருசியின் நாயிரியும், கோஞ்சா ராஜ்யத்தின் மன்னரும். நாயிரி வந்தது பழைய முறையே. மூத்த வீடு அல்லவா? அசாந்தே மன்னர் தலைமை ஏற்றது வரலாற்றின் வேடிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டில் அசாந்தே படை டாக்பானை வென்று, ஆண்டுதோறும் அடிமைகளைக் கப்பமாக வாங்கியது. அன்று கப்பமாகப் போனவர்கள் இளவரசர்கள் அல்ல. அக்கம்பக்கத்து எளிய ஜனங்கள். அந்த அரண்மனை இருக்கும் குமாசி நகரில்தான் இரு குடும்பங்களும் வந்து உட்கார்ந்தன.

இந்த மூவர் செய்த வேலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் "யார் வாரிசு?" என்ற கேள்வியை முதலில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அன்றே கூட்டம் கலைந்திருக்கும். முதலில் கொல்லப்பட்டவரைப் புதைப்போம் என்றார்கள். 2006 ஏப்ரல் 10ல் அடக்கம் நடந்தது. அதே மாதம் அவருடைய மகன் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். பிறகு வருஷக் கணக்கில் இழுபறி. கடைசியில் 2018 நவம்பரில் முடிவு வந்தது. 1988ல் இறந்த மகமாதுவுக்கும் யா-நாவுக்குரிய கருமாதி நடக்கும். முதலில் அது, பிறகு யாக்குபுவுக்கு. 2018 டிசம்பர் 14 முதல் 28 வரை ஒன்று. 2019 ஜனவரி 4 முதல் 18 வரை மற்றொன்று. ஊரெங்கும் போலீஸும் பட்டாளமும் காவல் நின்றது உண்மை. ஆனால் இரண்டும் நடந்து முடிந்தன. அதன் பிறகு பெரியவர்கள் கூடி, சவேலுகுவின் தலைவராக இருந்த அபுக்கரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அண்டானி வீட்டார். காலியான சவேலுகு வாசல் கொல்லப்பட்ட மன்னரின் மகனுக்குப் போயிற்று. மியோன் வாசல் மகமாதுவின் மகனுக்குப் போயிற்று.

கோர்ட்டு செய்ய முடியாததை இந்த முறை எப்படிச் செய்தது? கோர்ட்டில் ஒருவன் ஜெயிப்பான், ஒருவன் தோற்பான். தோற்றவன் அடுத்த சர்க்காருக்காகக் காத்திருப்பான். இங்கே இரண்டு வீட்டுப் பிணங்களுக்கும் ஒரே மரியாதை கிடைத்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வாசல் கிடைத்தது. யாரும் முற்றாகத் தோற்கவில்லை. அலையும் அவமானமும் பதினாறு வருஷம் தேய்ந்து தேய்ந்து ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. மத்தியஸ்தத்தின் பலம் இதுதான்.

நமது கேள்வி வேறு. அந்த 30, 40 பேரைக் கொன்றது யார்?

கொலை வழக்கு நடந்தது. 2011ல் அக்ராவிலுள்ள ஹைகோர்ட்டு 15 பேரை விடுதலை செய்தது. சாட்சியம் போதவில்லை என்றால் விடுதலை செய்வதுதான் கோர்ட்டின் கடமை; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன்பின் உண்மையான கொலைகாரர்களைச் சர்க்கார் தேடியதா? மூன்று நாள் சண்டையைத் தடுக்காத அதிகாரிகள் கூண்டில் நின்றார்களா? ஆயுதம் எங்கிருந்து வந்தது, யார் பணம் கொடுத்தது? இதற்கெல்லாம் குமாசி அரண்மனையில் பதில் கிடைக்காது. அது அங்கே கேட்க வேண்டிய கேள்வியும் அல்ல. யார் தோலில் அமர்வது என்பது குடும்பத்து விஷயம்; பெரியவர்கள் தீர்க்கட்டும். மனிதனை வெட்டிக் கொன்றது குடும்பத்து விஷயம் அல்ல. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, "சமாதானம் ஆகிவிட்டது, பழையதைக் கிளறாதே" என்று சொல்வது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் சௌகரியமாக இருக்கிறது. இரு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. ஆளும்போது ஒரு நியாயம், எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஒரு நியாயம். கணவனைப் பறிகொடுத்தவளுக்கு மட்டும் இரண்டு காலத்திலும் ஒரே நிலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தியஸ்த மேஜையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தலைவர்கள், தலைவர்களின் பிரதிநிதிகள். பயிர் செய்கிறவன் சார்பில், சந்தையில் கிழங்கு விற்கும் பெண்கள் சார்பில் அங்கே நாற்காலி இல்லை. மன்னர்களுக்குள் உடன்பாடு ஏற்பட்டால் குடிகளுக்கும் அதுவே போதும் என்ற எண்ணம், பழைய முறையோடு கூடவே வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாதா? முடியும் என்றே நாம் நினைக்கிறோம்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. யெண்டிக்கு வடக்கே, நாட்டின் எல்லையோரம், பாவ்கு என்றொரு நகரம். அங்கே குசாசி மக்களும் மம்ப்ருசி மக்களும் தலைமைப் பதவிக்காகப் பல பத்து வருஷங்களாக மோதுகிறார்கள். கதை அச்சாக அதேதான். 1957ல் ஒரு கமிட்டி குசாசி தரப்பை ஏற்றது; 1966ல் ராணுவ ஆட்சியின் உத்தரவு அதை மாற்றியது; 1983ல் அடுத்த ராணுவ ஆட்சியின் சட்டம் அதைத் திருப்பியது. 2021 கடைசியிலிருந்து அங்கே மீண்டும் ரத்தம் சிந்தியது. யெண்டியில் மத்தியஸ்தராக இருந்த நாயிரியின் வீடே பாவ்குவில் ஒரு கட்சிக்காரர்! அங்கேயும் அசாந்தே மன்னரைத்தான் மத்தியஸ்தத்துக்கு அழைத்தார்கள்.

அவர் முயற்சி பலிக்கட்டும். ஆனால் கானாவின் ஆட்சியாளர்கள் இந்த முறை ஒரு வேலையைத் தாங்களே செய்தாக வேண்டும். பாவ்குவில் யார் யார் கொல்லப்பட்டார்கள், யார் சுட்டார்கள், துப்பாக்கி எந்த வழியாக வந்தது என்ற விசாரணையை மத்தியஸ்தம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் நடத்த வேண்டும். அதன் முடிவை ஊர் மக்கள் முன் வைக்க வேண்டும். யெண்டியில் 2002 மார்ச்சில் மாண்டவர்களின் வழக்குக் கட்டையும் அதோடு சேர்த்து மறுபடி திறக்க வேண்டும்.